இங்கிலாந்து என்னும் ஆகுபெயர்

(இலக்கண ஆசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் ஆண்டுச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



இலக்கண ஆசிரியர் ஒருவரின் பெயரால் நடக்கும் கூட்டம் இது. நான் இலக்கணம் கற்றுத் தேர்ந்தவன் அல்லன். செய்தித்தாளில் காலம் கழித்தவன். ஆனாலும் இங்கே நின்று இலக்கணம் இல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அந்தப் பெரியவர் பொறுக்கமாட்டார்.

பள்ளியில் ஆகுபெயர் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 'தலைக்கு நூறு ரூபாய்' என்றால் தலைக்கு மட்டும் கூலி என்று யாரும் எண்ணுவதில்லை; ஆளுக்கு நூறு ரூபாய். உறுப்பின் பெயர் முழு ஆளுக்கும் ஆகிவந்தது. ஆகவே அது சினையாகுபெயர். உறுப்பு சினை, முழுமை முதல். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது, நாம் தினமும் புழங்கும் மிகப் பெரிய சினையாகுபெயர் ஒன்றை. அது 'இங்கிலாந்து'.

1. மெய்ப்புப் பார்த்தவரின் கேள்வி

2007 ஜூனில் கார்டன் பிரவுன் பதவியேற்றபோது 'இங்கிலாந்தின் புதிய பிரதமர்' என்று தலைப்புப் போட்டவன் நான். அவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்துத் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனவர். ஒரு வாசகர்கூடக் கடிதம் எழுதவில்லை. எழுதாததால் தவறு என்றே எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது 2014 செப்டம்பர் 18 அன்று. ஸ்காட்லாந்து தனிநாடாவதா வேண்டாமா என்று அங்கே பொது வாக்கெடுப்பு. முடிவு மறுநாள்தான் வரும் என்றாலும், இரண்டு விதமாகவும் தலைப்பு எழுதி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஒன்றில் 'இங்கிலாந்திலிருந்து பிரிந்தது ஸ்காட்லாந்து' என்று எழுதியிருந்தேன். இரவு ஷிப்டில் மெய்ப்புப் பார்க்க ஒரு பெரியவர் வருவார். பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. ஒரு சந்தேகம்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கடை வெக்கிறாங்க. தம்பி விலகிட்டான்னா, கடையிலேருந்து விலகினான்னு எழுதுவீங்களா, அண்ணன்கிட்டேருந்து விலகினான்னு எழுதுவீங்களா?"

தலைப்பை 'பிரிட்டனிலிருந்து' என்று மாற்றினேன். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தார். "பிரிட்டன்ங்கறது தீவு இல்லியா தம்பி? தீவை விட்டு எப்படிப் பிரியும்? கடல்ல மிதந்து போயிடுமா?"

சரி என்று 'ஐக்கிய இராச்சியத்திலிருந்து' என்று போட்டுப் பார்த்தேன். நான்கு பத்தி அகலத்தில் அது அடங்கவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார். வாக்களித்தவர்களில் 55.3 சதவீதம் பேர் பிரிவினை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அந்தத் தலைப்பு தேவைப்படாமலே போயிற்று. ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னோடு தங்கிவிட்டது. அந்தக் கடைக்குப் பெயர் என்ன? அண்ணன் பெயரே கடைக்குப் பெயராகிப்போனது எப்படி?

2. மூன்று ஏற்பாடுகள், ஒரு தபால் பெட்டி

1603-ல் முதலாம் எலிசபெத் பிள்ளையில்லாமல் இறந்தார். ஸ்காட்லாந்தில் ஆறாம் ஜேம்ஸாக ஆண்டுகொண்டிருந்தவர் லண்டனுக்கு வந்து இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் ஆனார். தலை ஒன்று, கிரீடம் இரண்டு. நாடாளுமன்றமும் சட்டமும் திருச்சபையும் தனித்தனியாகவே இருந்தன.

நூறாண்டு கழித்து ஸ்காட்லாந்துக்கு நெருக்கடி வந்தது. 1695-ல் தொடங்கிய அவர்களுடைய வணிகக் கம்பெனி, பனாமா நிலஇடுக்கில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்கப் போய், நோயிலும் முற்றுகையிலும் ஆட்களையும் முதலீட்டையும் இழந்து திரும்பியது. கையிருப்புக் கரைந்த அந்த நாட்டை இணைப்பை நோக்கித் தள்ளிய காரணங்களில் அதுவும் ஒன்று. 1707 மே 1 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 'கிரேட் பிரிட்டன்' என்ற ஒரே அரசாயின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்டப்படி அன்று ஸ்காட்லாந்து அரசு மட்டும் மறையவில்லை, இங்கிலாந்து அரசும் மறைந்தது. கடைசி 'இங்கிலாந்து ராணி' ஆன் அம்மையார்தான். அவருக்குப் பின் வந்த யாரையும் இங்கிலாந்து ராஜா, இங்கிலாந்து ராணி என்று சொல்வது கணக்குப்படி பிழை. 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் இறந்தபோது நம் செய்திகளில் 'இங்கிலாந்து ராணி மறைவு' என்று வந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'கிரேட்' என்பதைப் பெருமைச் சொல்லாக நினைத்து 'மாபெரும் பிரிட்டன்' என்று மொழிபெயர்த்திருக்கிறோம். அது அளவைக் குறித்த சொல். பிரான்ஸின் வடமேற்கு முனையில் உள்ள பிரிட்டனி, அந்தத் தீவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பெயரால் அமைந்த சின்ன பிரிட்டன். இது பெரிய பிரிட்டன். நம் ஊர்களில் சின்னசேலம், பெரியகுளம் என்பது போலத்தான்.

வேல்ஸின் கதை வேறு. அதனோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டங்கள் அதை இங்கிலாந்தோடு சேர்த்துக்கொண்டன. 1746-ல் இன்னொரு சட்டம், நாடாளுமன்றச் சட்டங்களில் 'இங்கிலாந்து' என்று வந்தால் அதில் வேல்ஸும் அடக்கம் என்றது. அந்த விதி 1967 வரை நீடித்தது. சினையாகுபெயரைச் சட்டமாகவே இயற்றி இருநூறு ஆண்டு நடத்தியிருக்கிறார்கள்! ஒருங்கிணைந்த கொடியில் இங்கிலாந்தின் ஜார்ஜ், ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ, அயர்லாந்தின் பாட்ரிக் ஆகிய மூன்று புனிதர்களின் சிலுவைகள் உண்டு. வேல்ஸுக்கு ஒரு நூலிழைகூட இல்லை.

மூன்றாவது ஏற்பாடு அயர்லாந்து. 1801 ஜனவரி 1-ல் அதையும் இணைத்து 'கிரேட் பிரிட்டன் மற்றும் அயர்லாந்து ஐக்கிய இராச்சியம்' வந்தது. 1922-ல் தீவின் பெரும்பகுதி பிரிந்துபோனது. ஆறு கவுண்டிகள் மட்டும் தங்கின. நாடாளுமன்றத்தின் பெயரில் 'வட அயர்லாந்து' ஏறியது 1927-ல்.

இந்தப் பெயர்களெல்லாம் ஏட்டளவில்தானே என்று நினைக்கலாம். எடின்பரோ நகரில் இன்ச் என்ற குடியிருப்புப் பகுதி. 1952 நவம்பரில் அங்கே புதிய சிவப்புத் தபால் பெட்டி ஒன்றை நிறுத்தினார்கள். அதன் முகப்பில் புது ராணியின் முத்திரை: எலிசபெத், அதன் அருகே ரோம எண்ணில் இரண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் கேட்டார்கள்: எங்களை முதலாம் எலிசபெத் ஆண்டதே இல்லையே, இரண்டாவது எங்கிருந்து வந்தது? பெட்டிக்குச் சேதம் மேல் சேதம். 1953 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்த்துவிட்டார்கள். அதன்பின் ஸ்காட்லாந்தில் வைத்த புதுப் பெட்டிகளில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. ஸ்காட்லாந்தின் கிரீடம் மட்டும். ஓர் எண்ணை ஒப்புக்கொண்டால், இங்கிலாந்தின் வரலாறே முழுமையின் வரலாறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கோபம் அதில்தான்.

3. வடக்கே இருக்கும் தெற்கு

அயர்லாந்துக்கு வருவோம். இங்கே சினையாகுபெயர்கூடக் கைகொடுக்காது. ஒரே பெயருக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். அயர்லாந்து என்பது தீவின் பெயர். 1937 அரசியலமைப்பின்படி அதுவே பிரிந்துபோன அரசின் பெயரும். ஐரிஷ் மொழியில் ஏர. 'அயர்லாந்துக் குடியரசு' என்பது 1949-ல் நடப்புக்கு வந்த சட்ட விளக்கம்; பெயர் அன்று.

பேச்சில் அந்தக் குடியரசைத் 'தெற்கு' என்பார்கள். ஆனால் தீவின் வடகோடியான மாலின் முனை குடியரசுக்குச் சொந்தமான டொனகால் கவுண்டியில் இருக்கிறது. அதாவது தெற்கின் ஒரு பகுதி வடக்கைவிட வடக்கே கிடக்கிறது. வட அயர்லாந்தை 'அல்ஸ்டர்' என்பவர்களும் உண்டு. பழைய அல்ஸ்டரில் ஒன்பது கவுண்டிகள். மூன்று குடியரசில் இருக்கின்றன. ஐரிஷ் தேசியவாதிகள் பலர் 'வட அயர்லாந்து' என்று வாயால் சொல்வதையே தவிர்ப்பார்கள். 'வடக்கு' என்றோ 'ஆறு கவுண்டி' என்றோதான் சொல்வார்கள். ஒருவர் அந்த நிலத்தை என்ன பெயரிட்டு அழைக்கிறார் என்பதிலேயே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஊர்ப்பெயரும் தப்பவில்லை. டெரி என்ற பழைய ஊருக்கு 1613-ல் அரசப் பட்டயம் 'லண்டன்' என்ற முன்னொட்டைச் சேர்த்து லண்டன்டெரி ஆக்கியது. காரணம், அங்கே நடந்த குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர்கள் லண்டன் வணிகச் சங்கத்தார். சாலைப் பலகைகளில் 'லண்டன்' என்ற பகுதி மட்டும் பெயிண்டால் அழிக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு எழுதி எழுதிச் சலித்த வானொலி அறிவிப்பாளர் ஜெர்ரி ஆண்டர்சன், அதைச் 'சாய்கோட்டு நகரம்' என்ற பொருளில் கேலியாக அழைத்தார். அந்தக் கேலிப்பெயர்தான் இரு தரப்பாரும் சண்டையில்லாமல் சொன்ன பெயர்.

1998 ஏப்ரல் 10-ல் பெல்ஃபாஸ்டில் கையெழுத்தான உடன்பாடு ஒரு நல்ல காரியம் செய்தது. வட அயர்லாந்தில் பிறந்தவர் தம்மை ஐரிஷ்காரர் என்றோ, பிரிட்டிஷ்காரர் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். அது அவர் உரிமை என்றது. கோல்ஃப் வீரர் ரோரி மக்கில்ராய் வட அயர்லாந்துக்காரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அயர்லாந்துக்காக ஆடினார். அதே மண்ணில் பிறந்த வேறு வீரர்கள் பிரிட்டன் அணிக்கு ஆடினார்கள். இரண்டும் சரி.

4. சேப்பாக்கத்தில் ஒரு வேல்ஸ்காரர்

விளையாட்டைத் தொட்டுவிட்டேன். உலகக் கால்பந்தில் ஐக்கிய இராச்சியம் என்ற ஒரே அரசுக்கு நான்கு அணிகள். முதல் பன்னாட்டு ஆட்டமே 1872-ல் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்ததுதான். கோல் இல்லாமல் முடிந்தது. ஒலிம்பிக்கில் ஒரே அணி. ரக்பியில் அயர்லாந்து முழுத் தீவுக்கும் ஒன்று. கிரிக்கெட் வாரியத்தின் பெயரில் 'இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்' என்று இருக்கும். களத்தில் இறங்கும் அணிக்கு மட்டும் இங்கிலாந்து என்று பெயர்.

1973 ஜனவரியில், பொங்கல் சமயம், சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட வந்த 'இங்கிலாந்து' அணியின் தலைவர் டோனி லூயிஸ். வேல்ஸின் ஸ்வான்சியில் பிறந்தவர். துணைத்தலைவர் மைக் டென்னஸ், ஸ்காட்லாந்துக்காரர். இந்தியா நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 'இங்கிலாந்தைத் தோற்கடித்தோம்' என்று நாம் கொண்டாடினோம்.

சென்னைக்கு இது புதிதும் அன்று. பாரிமுனை என்றதும் நம் காதில் வள்ளல் பாரி ஒலிக்கிறான்; பஸ் கண்டக்டர் 'பாரிஸ், பாரிஸ்' என்று கூவினால் பிரான்ஸ் ஒலிக்கிறது. அந்த முனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி, 1788-ல் சென்னைக்கு வந்த வேல்ஸ் நாட்டு வணிகர். வேல்ஸ் மொழியில் 'ஆப்' என்றால் மகன். ஹாரியின் மகன், ஆப் ஹாரி, பாரி ஆனான். தீவுத்திடல் அருகே சேணமில்லாக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். நம் ஊர்ச் சுவடிகளையும், ஊர் வரலாறு சொல்லும் கைபீதுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர். எழும்பூர் ஆண்ட்ரூ ஆலயத்தைக் 'கிர்க்' என்று சொல்வது ஏன்? ஸ்காட்லாந்து வழக்கில் கோயிலுக்கு அதுதான் சொல்.

இவர்கள் அனைவரையும் நாம் 'ஆங்கிலேயர்' என்ற ஒரே கூடையில் போட்டோம். நம் முன்னோர் மேல் குறை சொல்லமாட்டேன். ஆளவந்தவன் எந்த மலையில் பிறந்தால் என்ன, வரி ஒன்றுதான். அவர்கள் சொன்ன 'சீமை' என்ற சொல்லே எவ்வளவு அகலம் பாருங்கள்: சிவகங்கையும் சீமை, லண்டனும் சீமை. ஈழத்தமிழர் 'பிரித்தானியா' என்று எழுதுவார்கள். அரசைக் குறிக்க நம் 'இங்கிலாந்'தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பேச்சில் இரு கரையாருக்கும் எல்லாமே 'லண்டன்'தான். எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகன் லண்டனில் இருப்பதாக ஐந்து வருடமாகச் சொல்லிவந்தார். கூரியர் விலாசம் எழுதித்தரச் சொன்னபோது பார்த்தேன்: அபர்டீன். லண்டனிலிருந்து ரயிலில் ஏழு மணி நேரப் பயணம்.

5. விழுங்கியவரின் இழப்பு

ஏன் இங்கிலாந்து? விடை மக்கள்தொகையில் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் 5.65 கோடிப் பேர். வேல்ஸில் 31 லட்சம், வட அயர்லாந்தில் 19 லட்சம். ஓராண்டு தள்ளி எடுத்த ஸ்காட்லாந்துக் கணக்கில் 54 லட்சம். நூற்றுக்கு 84 பேர் ஒரே உறுப்பில். வீட்டில் பத்துப் பேர் இருந்து எட்டுப் பேர் ஒரே கிளை என்றால், வீட்டுக்கு அந்தக் கிளையின் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். நான்கு நாடுகளுக்கும் மத்திய வங்கியாக இருப்பதன் பெயர் இன்றும் 'பேங்க் ஆஃப் இங்கிலாந்து'. 1694-ல் அதற்குத் திட்டம் கொடுத்தவர் வில்லியம் பேட்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். மறு ஆண்டு எடின்பரோவில் 'பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து' எழுந்தபோது அதை முன்னின்று நடத்தியவர் ஜான் ஹாலண்ட் என்ற இங்கிலாந்துக்காரர்.

ஆனால் என் பேச்சின் மையம் இதற்கு அடுத்து இருக்கிறது. சினையின் பெயர் முதலுக்கு ஆகிவந்தால், அந்தச் சினைக்கென்று பெயர் மிஞ்சுவதில்லை. 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், வெம்ப்ளி அரங்கில் இங்கிலாந்து ரசிகர்கள் வீசிய கொடியைப் படங்களில் பாருங்கள்: நான்கு நாடுகளுக்கும் பொதுவான ஒருங்கிணைந்த கொடி. தங்கள் கொடி வேறு என்ற நினைப்பே பெரும்பாலோருக்கு இல்லை. 1996-ல் அதே வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை நடந்தபோது வெள்ளையில் சிவப்புச் சிலுவை, ஜார்ஜின் கொடி, அரங்கை நிறைத்தது. முப்பது ஆண்டில் அவர்களுக்குத் தங்கள் தனிப்பெயர் நினைவுக்கு வந்திருக்கிறது. 1999 முதல் ஸ்காட்லாந்துக்கு நாடாளுமன்றம். வேல்ஸ் மன்றம் 2020 முதல் 'செனெத்' என்ற வேல்ஸ் பெயரோடு நாடாளுமன்றம். வட அயர்லாந்துக்குச் சட்டமன்றம். இங்கிலாந்துக்குத் தனியாக ஒன்றும் இல்லை. அதிகாரபூர்வமான தனி நாட்டுப்பண்ணும் இல்லை. எல்லாம் எங்களுடையது என்றிருந்தவரிடம் தனக்கென்று ஒன்றும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. 'வேல்ஸ்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அயலார் என்று பொருள். மண்ணின் மைந்தரை வந்தேறிகள் அயலார் என்றார்கள். அவர்கள் தங்களைக் 'கம்ரி' என்கிறார்கள். கூடி வாழும் நாட்டார் என்று பொருள். ஆங்கிலேயரை வேல்ஸ் மொழியும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியும் இன்றுவரை 'சாக்சன்' என்ற சொல்லின் வடிவங்களாலேயே அழைக்கின்றன. அங்கே 'இங்கிலாந்து' என்ற பெயரே கிடையாது. தன் பெயரை எல்லோர் மேலும் போட்ட நாட்டை, பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

6. நாடு என்ற கட்டம்

தமிழில் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் 'நாடு' அடுக்கடுக்கானது. சோழர் கல்வெட்டில் மண்டலத்துக்குள் வளநாடு, வளநாட்டுக்குள் நாடு. இந்தியா நாடு, அதற்குள் தமிழ்நாடு, தமிழ்நாட்டுக்குள் ஒரத்தநாடு. நமக்கு இதில் முரண் தோன்றுவதில்லை. ஆகவே ஒரு நாட்டுக்குள் நான்கு நாடுகள் என்பதைப் புரிந்துகொள்ள நாம் தடுமாற வேண்டியதே இல்லை. எந்த அடுக்கைச் சொல்கிறோம் என்று ஒரு கணம் நின்று பார்த்தால் போதும். கடவுச்சீட்டு, பிரதமர், போர், வரி என்றால் ஐக்கிய இராச்சியம். இடம் போதாவிட்டால் பிரிட்டன். நிலப்பரப்பு என்றால் தீவின் பெயர். ஆள் என்றால் அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயர்.

இந்த மூன்று விதியும் என்னை எங்கே கைவிட்டன என்பதையும் சொல்லி முடிக்கிறேன். ஓய்வுக்குப் பின் ஒரு சிறுவர் கலைக்களஞ்சியத்துக்குக் குறிப்புகள் எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நிரப்ப வேண்டிய கட்டங்கள்: பெயர், பிறப்பு, இறப்பு, நாடு. ராபர்ட் கால்டுவெல் வந்தார். ஒரு நூல் அவரை அயர்லாந்துக்காரர் என்கிறது, இன்னொன்று ஸ்காட்லாந்துக்காரர் என்கிறது, மூன்றாவது ஆங்கிலேயப் பாதிரியார் என்கிறது. விசாரித்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. 1814-ல் அவர் பிறந்த கிளேடி, அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுண்டியில் உள்ள சிற்றூர். பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர்; சிறுவயதிலேயே கிளாஸ்கோ போய்ப் படித்தவர். பாதிரியாராகப் பட்டம் ஏற்றதோ இங்கிலாந்துத் திருச்சபையில். அவர் பிறந்தபோது அரசு கிரேட் பிரிட்டன் மற்றும் அயர்லாந்து ஐக்கிய இராச்சியம். அந்தப் பெயரில் இன்று அரசு இல்லை. இன்று கிளேடி இருப்பது வட அயர்லாந்தில். அவர் வாழ்ந்த காலத்தில் அப்படி ஒன்று இல்லை.

மெய்ப்புப் பார்த்த பெரியவருக்குத் தொலைபேசினேன். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கட்டம் சின்னதா இருக்குன்னா அது அச்சடிச்சவன் தப்பு தம்பி. ஊரை எழுதுங்க, அது போதும்."

ஊரை எழுதினேன். கால்டுவெல் டெரியில் பிறந்திருந்தால் அதுவும் முடிந்திருக்காது. நல்லவேளை, கிளேடிக்கு ஒரே பெயர். 'பிறப்பு: கிளேடி. இறப்பு: கோடைக்கானல், 1891. அடக்கம்: இடையன்குடி.' நாடு என்ற கட்டத்தில் மட்டும் 'கீழே காண்க' என்று போட்டு, இங்கே உங்களுக்குச் சொன்னதையெல்லாம் சுருக்கி எட்டு வரியில் எழுதினேன். பதிப்பாசிரியர் இடமில்லை என்றார், வாதாடி வாங்கினேன். நான் சொல்ல வந்தது அந்த எட்டு வரிதான்.